சட்டைக் கையில் ஒரு பொட்டு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் சலவை ஆலையில் ஹாரன் என்று பெயர். வேன் ஓட்டுகிறவர் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் அல்ல. அவர் வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிற ஆள் தானாக வழிவிடுவான், அப்படி ஒரு சத்தம். வீட்டில் சீப்பு எங்கே என்று என்னைக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

அதே ஆலையில் அழுக்குத் துணி பிரிக்கும் மேசை என்னுடையது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் துண்டு, கம்பெனிச் சீருடை எல்லாம் மூட்டை மூட்டையாக என் முன்னால் வந்து விழும். கறையைப் பார்த்து, இது குளிர்ந்த தண்ணீருக்கு, இது கொதிக்கிற தண்ணீருக்கு, இது ஊறட்டும் என்று பிரித்துப் போடவேண்டும். எண்ணெய்க் கறையையும் கிரீஸ் கறையையும் நான் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

எங்கள் மேசைக்கு ஒரே ஒரு சட்டம். பார்த்ததைச் சொல்லக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டலுக்கு வந்த பெரிய மனிதரின் காலரில் என்ன நிறத்தில் உதட்டுச் சாயம், ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஓய்வறைத் தலையணையில் எவ்வளவு கண்மை, எல்லாம் மேசையோடு சரி. எனக்கு முன்னால் இருந்தவள் முதலாளியின் மருமகன் கைக்குட்டையைப் பற்றி வாய்விட்டுவிட்டாள். அதன் பிறகு அவளோடு ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தானாகவே வேலையை விட்டுப் போனாள். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் வாய்க்குப் பூட்டுதான்.

ஊரெல்லாம் ஒரு தொற்றுக் காய்ச்சல் சுற்றி வந்து போன பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாதக் கடைசிக்குள் எல்லாரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், போடாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை. அவ்வளவுதான். ஏன், எதற்கு, என்ன ஊசி, ஒன்றும் இல்லை. பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு ஆளின் படம். ஊசியை வாங்கிக்கொண்டு இப்படிச் சிரிக்கிற ஆளை நான் என் பிறவியில் பார்த்ததில்லை.

அன்று மதியம் கேன்டீனில் ஹாரன் நாற்காலி மேல் ஏறினார்.

"என் உடம்புக்குள்ள என்ன போகணும்னு முடிவு பண்றது யாரு? நானா, இவங்களா? நாம என்ன குடோன்ல அடுக்கி வச்ச சோப்புப் பெட்டியா? ரெண்டு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா?"

கேட்ட கேள்வி தப்பில்லை. ஒரு மனுஷனின் உடம்பைப் பற்றிப் பேசும்போது அவனைக் கேட்காமல் ஒரு தாளை ஒட்டினால் கோபம் வரத்தானே செய்யும்? மேனேஜர் பதில் சொல்லியிருக்கலாம். தெரிந்தவர்களை அழைத்து வந்து சொல்ல வைத்திருக்கலாம். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "இது கம்பெனி ரூல்" என்றார். இன்னொரு தடவை கேட்டதற்கு இன்னொரு தடவை அதையே சொன்னார். சுவரில் இருந்த படத்துக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அவர் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது! என் வீட்டுக்காரர் கைப்பேசியில் யாரோ ஒருவர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு பேசின வீடியோவைப் பார்த்துவிட்டு, மேல்நாட்டு ஆராய்ச்சி என்று அடித்துவிடுவார். எந்த நாடு, யார் ஆராய்ந்தது என்று கேட்டால், "எல்லாம் வந்துருச்சு, நீதான் பாக்கல" என்பார். பாய்லர் ஓட்டுகிறவர் இருக்கிறாரே, ஆவி என்று கூப்பிடுவோம், அவர்தான் ஹாரனுக்கு வலது கை. "அண்ணே, அப்படிப் போடுங்க!" என்று வரிக்கு வரி எடுத்துக் கொடுப்பார். ஒரு வாரத்துக்குள் ஆலை முழுக்க ஒரே பேச்சு. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கேன்டீனில் சத்தியம் செய்தார்கள். ஒருத்தரும் போட்டுக்கொள்ள மாட்டோம். போனால் எல்லாரும் சேர்ந்து போவோம். நானும் கையை நீட்டினேன். நீட்டாவிட்டால் அன்று வீட்டுக்குள் நுழைந்திருக்க முடியுமா?

எனக்குப் பயம் வேனை நினைத்துத்தான். அந்த வேனை ஓட்டும் வேலைக்காக அவர் வருஷக்கணக்காகப் பாய்லர் அறையில் வெந்துகொண்டு கிடந்தவர். சாவி கைக்கு வந்த அன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆலையைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தார். நாள் தவறாமல் துடைப்பார், டயரைத் தட்டி விசாரிப்பார். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை போட்டியா என்று கேட்பார். வேனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று சாப்பிட மாட்டார். அந்த மனுஷனிடமிருந்து அந்தச் சாவியைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆவார்? மற்றவர்களுக்குப் போனால் ஒரு வேலை. இவருக்குப் போனால் ஆளே போய்விடுவார்.

மறுவாரம் ஒரு நர்ஸம்மா பெட்டியோடு வந்து, மேனேஜர் அறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்தார். அவர் வந்த வண்டியைக் கண்டதுமே ஹாரன், "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்று வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மடிக்கிற பகுதியில் வேலை செய்யும் அக்கா எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு முன்பு ஒரு தடவை ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியிருக்கிறது. அதைச் சொன்னாள்.

"அப்படின்னா இங்க வேண்டாம்மா" என்றார் நர்ஸம்மா. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் பாத்து, உங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு சொல்லட்டும். மத்தவங்களுக்கும் கை வலிக்கும், ஜுரம் வரலாம். ரொம்ப அபூர்வமா சிலருக்கு ஒத்துக்காமப் போகும். அதுக்குத்தான் போட்ட உடனே ஓடாதீங்க, கொஞ்ச நேரம் இங்கயே உக்காருங்கன்னு சொல்றோம்."

இவ்வளவுதான் விஷயம். இத்தனை நாள் கேன்டீனில் தொண்டை கிழியக் கத்தினார்களே, இந்த நாலு வரியை அங்கே வந்து சொல்ல ஒரு ஆளை அந்த மேனேஜர் கூப்பிட்டிருக்கக் கூடாதா? சொன்னாலும் கேட்க இவர்கள் காதைத் திறந்து வைத்திருந்தார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெறும் கையுறையோடு அள்ளிப் போடுகிறவள் நான். அந்தக் காய்ச்சல் வந்தவர்களின் விரிப்பு எப்படி இருந்தது என்று நான்தான் பார்த்தேன், காருக்குள் உட்கார்ந்து பேசின ஆள் பார்க்கவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது மேனேஜரைப் பார்த்து, "சார், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை விளங்கியது. சனிக்கிழமைதான் எங்கள் சொந்தச் சீருடைகளைத் துவைக்கிற நாள். வெளிர்நீல அரைக்கைச் சட்டை, காலருக்குள் ஆளுக்கொரு எண் நூலால் தைத்திருக்கும். எந்த எண் யார் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். முதல் சட்டையை எடுத்தேன். இடது கையில், உள்பக்கம், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. குளிர்ந்த தண்ணீருக்குப் போட்டேன். அடுத்த சட்டை, அதே இடம், அதே பொட்டு. அதற்கடுத்ததில் பொட்டு இல்லை, பிளாஸ்திரி ஒட்டின பசை மட்டும் இருந்தது. யார் தெரியுமா? ஆவி! நேற்று மதியம்தான், "செத்தாலும் போடமாட்டேன்" என்று கேன்டீன் மேசையைக் குத்தினவர்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் சட்டையை மட்டும் நான் முதல் நாளே வீட்டில் கசக்கிப் போட்டிருந்தேன், தொழில் தெரிந்தவள் இல்லையா!

ஒவ்வொரு சனிக்கிழமையும் பொட்டு கூடிக்கொண்டே போனது. பகலில் ஹாரன் பேசப் பேசக் கைதட்டல்; நர்ஸம்மா வருகிற சாயங்காலங்களில் ஒவ்வொருத்தராகப் பூனை மாதிரி மேனேஜர் அறைப் பக்கம் ஒதுங்கி, "சார், யாருக்கும் சொல்லிராதீங்க." மாதக் கடைசி நெருங்கியபோது ஆலையில் பொட்டு விழாத சட்டை இரண்டே இரண்டு. ஒன்று மடிப்பு அக்காவுடையது. அவளுக்கு டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொன்று என் வீட்டுக்காரருடையது. அதை நான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். டீக் கறை இருக்கும், கிரீஸ் இருக்கும், வேன் கதவில் உரசின துரு இருக்கும். கடவுளே, ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு இருக்கக் கூடாதா! வீட்டில் சட்டையில் கறை வைக்காதீர்கள் என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறவள், கறை இல்லையே என்று அந்த மேசையில் நின்று கண் கலங்கினேன்.

சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் காலையில் ஆரம்பித்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று கூட்டத்துக்குப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒரு வேள மத்தவங்கல்லாம் போட்டுக்கிட்டாங்கன்னா?"

"யாரு? நம்மாளுங்களா?" என்று சிரித்தார். "ஏய், நீ எங்காளுங்களப் பத்தி என்ன நினைச்சே? உயிரக் குடுப்பானுங்க. ஆவி நேத்து அழுதான் தெரியுமா?"

அவன் முதல் வாரமே போட்டுக்கிட்டவன் என்று நாக்கு நுனி வரை வந்தது. மேசைச் சட்டம் ஒரு பக்கம் தடுத்தது, என் சட்டைக் கை இன்னொரு பக்கம் தடுத்தது. டீ ஆறுது, குடிங்க என்றேன்.

கடைசி நாள் கூட்டம் உலர்த்தும் அறையில் நடந்தது. மேனேஜர் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹாரன் பிரமாதமாகப் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே உடம்பு சிலிர்த்தது. பேசி முடித்துவிட்டு, "நம்ம ஒத்துமைய சாருக்குக் காட்டணும். எல்லாரும் ரெண்டு கையையும் தூக்குங்க!" என்றார்.

வலது கைகள் படபடவென்று மேலே போயின. இடது கை பாதியில் நின்றது. கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டவர்கள் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். அவர்களில் ஒருத்தர் தூக்கின வேகத்தில் "அம்மா!" என்று அலறினார். ஹாரன் கண் கலங்கிவிட்டது. "பாருங்க சார், எவ்வளவு உணர்ச்சியா இருக்கானுங்கன்னு!"

மேனேஜர் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன். அவர் நினைத்திருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாக்குக் கொடுத்துவிட்டாரே! தலைமை அலுவலகத்தோடு போனில் பேசிவிட்டு வந்து, "உங்க ஒத்துமைக்கு கம்பெனி மரியாதை குடுக்குது. கட்டாயம் இல்ல. இஷ்டப்பட்டவங்க போட்டுக்கலாம்" என்று அறிவித்தார். ஏறக்குறைய எல்லாரும் போட்டு முடித்த பிறகு கட்டாயத்தை எடுத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

ஒரே ஆரவாரம். ஹாரனைத் தோளில் தூக்கப் போனார்கள், தூக்க முடியவில்லை, கீழேயே வைத்துக் குலுக்கினார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் வாயில் சிரிப்பு. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. வேன் தப்பித்தது, நானும் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வெளுத்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன வேன், போன சுருக்கிலேயே திரும்பி வந்தது. ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள், வருகிற வெளியாள் யாராக இருந்தாலும் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், இது இன்று முதல் எங்கள் விதி என்று சொல்லிவிட்டார்களாம். சாமான் ஏற்றுகிற இடத்தில் எல்லாரும் கூடிவிட்டோம். மேனேஜரும் வந்தார்.

"கம்பெனிக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லப்பா" என்றார். குரலில் கிண்டல் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "ஆனா அங்க விரிப்பு இல்லாம ஆபரேஷன் நின்னுடும். யாராவது எடுத்துட்டுப் போய்த்தான் ஆகணும்."

"யாரு போனாலும் இதே கததான் சார். எங்கள்ல ஒருத்தன் போட்டிருந்தாத்தானே உள்ள விடுவான்!" என்றார் ஹாரன். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஒருத்தர் மேற்கூரையைப் பார்த்தார், ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். பிறகு ஆவி தொண்டையைக் கனைத்தார். அந்த வேன் மேல் அவருக்கும் ரொம்ப நாளாக ஒரு கண்.

"அண்ணே... என்கிட்ட லைசென்ஸ் இருக்கு." கைப்பேசியை எடுத்து நீட்டினார். "இதுவும் இருக்கு."

ஹாரன் அந்தச் சான்றை வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார். பிறகு தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்வை எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கத் தலைகள் குனிந்தன. வெடிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். கெட்ட வார்த்தை நாலு பேசியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து ஆவியின் கையில் வைத்தார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதட்டாத. மெதுவாப் போடு" என்றார்.

வேன் கேட்டைத் தாண்டிப் போனது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. தோளில் தூக்க வந்தவர்களில் ஒருத்தராவது அவர் பக்கத்தில் போய் நிற்கக் கூடாதா? பாவிகள்! அந்தப் பாவிகளில் நானும் ஒருத்தி என்பதால் வாயை மூடிக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். பிரிக்காத மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எல்லாருமா?"

நான் ஒரு விரிப்பை எடுத்து உதறினேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லார் சட்டையும் உன் கைக்குத்தானே வருது."

"மேசைல பாத்தத சொல்ல மாட்டேங்க."

"சரி, சொல்லாத." மூட்டையின் முடிச்சை விரலால் நிமிண்டினார். "நீ?"

இது மேசையில் பார்த்தது இல்லை. இதற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

"போட்டுக்கிட்டேன். அந்த நர்ஸம்மா வந்த அன்னிக்கே."

ஹாரன் அலறும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசினது காதில் விழாமல் நான் குனிந்து கேட்டது அன்றுதான்.

"வலிச்சுதா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். என் உடம்பு என் உரிமை, மேல்நாட்டு ஆராய்ச்சி, ரெண்டு வருஷம் கழித்து என்ன ஆகும், ஒன்றுமே அங்கே இல்லை. பல் டாக்டர் அறைக்கு வெளியே பேரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற முகம். அட மனுஷா, இதுக்குத்தானா! இதை வீட்டில் என் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சும்மா எறும்பு கடித்த மாதிரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்ல முடியவில்லை.

"வலிச்சுது" என்றேன். "குத்தும்போது அவ்வளவா இல்ல. அப்புறம் கையத் தூக்க முடியல. மறுநாள் ஜுரம் அடிச்சுது. கொஞ்சம் பயமாக்கூட இருந்துது."

"தலைவலின்னு படுத்திருந்தியே, அன்னிக்கா?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. சரியாப் போச்சு."

தலையை ஆட்டினார். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இத்தனை நாள்ல என்கிட்ட உண்மையச் சொன்னது நீ ஒருத்திதான்" என்றார். "நீ கூட வந்தா நானும் போட்டுக்கறேன். வர்றியா?"

அவர் குத்திக் காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கூட நடந்தேன்.